நிமான்ஸ்னு சொல்ல ஏன் கூச்சம்?

கோபத்துல "உன்னைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்"னு சென்னையில சொல்வாங்க இல்லையா? பெங்களூருல அந்த இடத்துல நிமான்ஸ் பேரு வரும். ஓசூர் ரோட்டுல இருக்குற, நாட்டுலயே முக்கியமான மனநல ஆஸ்பத்திரி அது. உயிரைக் காப்பாத்துற இடத்தோட பேரு திட்டுற வார்த்தையா இருக்குறது எனக்கு ரொம்ப வலிக்குது.

2015-16ல அதே நிமான்ஸ் 12 மாநிலங்கள்ல தேசிய மனநல ஆய்வு நடத்துச்சு. மனச்சோர்வு நோய் இருக்குறவங்கள்ல 100க்கு 85 பேர் சிகிச்சையே எடுத்துக்கலன்னு தெரிஞ்சுது. டாக்டர் பத்தாது, காசு பத்தாது, எல்லாம் உண்மைதான். ஆனா "நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்"ங்கிற பயமும் அதுல இருக்கு.

பெங்களூருல வளர்ந்த நடிகை தீபிகா படுகோனுக்கு 2014ல இந்த மனச்சோர்வு நோய் வந்துச்சு. கை நிறைய படம், பேரு, புகழ் எல்லாம் இருந்த நேரம். மும்பைக்கு வந்திருந்த அம்மா உஜ்ஜலா ஊருக்குக் கிளம்புறப்ப, அதுவரைக்கும் சமாளிச்சிட்டிருந்த பொண்ணு உடைஞ்சு அழுதுட்டாங்க. வேலையில பிரச்சனையா, காதல்ல பிரச்சனையான்னு அம்மா கேட்டாங்க. எதுக்கும் பதில் வரல. இது வழக்கமான அழுகை இல்ல, டாக்டரைப் பாக்கணும்னு அந்த அம்மாவுக்குப் புரிஞ்சிடுச்சு. 2015ல தீபிகா இதை டிவியிலயே பேசினாங்க. அதே வருஷம் 'லிவ் லவ் லாஃப்' அறக்கட்டளையையும் ஆரம்பிச்சாங்க.

தீபிகா டிவியில பேசினது பெரிய தைரியம். ஆனா என்னைக் கேட்டா, அதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள நடந்த அந்தப் பேச்சுதான் நமக்குப் பாடம். ஊருக்கே சொல்லணும்னு உங்களுக்குக் கட்டாயம் இல்ல. வேலையும் வரனும் கைவிட்டுப் போயிடுமோன்னு பயப்படுறவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருத்தர்கிட்ட சொல்லுங்க, போதும்.

எப்படிச் சொல்றது? பிஜி ஹாஸ்டல்ல தங்கியிருக்குற பையன் போன்ல "அம்மா, மனசு சரியில்ல"ன்னா, "கோயிலுக்குப் போயிட்டு வாப்பா, சரியாயிடும்"னு பதில் வரும். பாசத்துல வர்ற பதில்தான், ஆனா பேச்சு அங்கயே முடிஞ்சிடும். அதனால உடம்புல நடக்குறதைச் சொல்லுங்க: "மூணு வாரமா தூக்கம் இல்லம்மா. சோறு இறங்கல. குளிக்கக்கூட எழுந்திருக்க முடியல." அப்பதான் இது நோய்னு அவங்களுக்கு உறைக்கும். ரெண்டு வாரத்துக்கு மேல இப்படி இருந்தா டாக்டரைப் பாத்தே ஆகணும்.

கேக்குறவங்களுக்கு ஒண்ணு. "உனக்கு என்னடா குறை?"ன்னு மட்டும் கேக்காதீங்க. "நானும் கூட வரேன்"னு சொல்லுங்க.

சொல்ல யாருமே இல்லையா? 14416. டெலி மானஸ், 2022 அக்டோபர்ல மத்திய அரசு தொடங்கின இலவச சேவை. ராத்திரி பகல் எந்நேரமும், தமிழ்லயே பேசலாம். உயிரை விட்டுடலாம்னு தோணுதுன்னா வீடியோவை இங்கயே நிறுத்திட்டு இப்பவே கூப்பிடுங்க. இல்லன்னா பக்கத்துல இருக்குறவங்களைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.