வெள்ளி எழுத்தும் வெள்ளை அட்டையும்

ஊவாத் தேயிலையின் மணம் ஆடி, ஆவணிக் காற்றிலே முதிரும் என்பர். மணத்தைப் படம்பிடிக்க எவராலும் இயலாது, பொட்டலத்தைத்தான் படம்பிடிக்கலாம். 1890-இல் இம்மலைகளிலே தோட்டங்கள் வாங்கித் தேயிலையைச் சிறு பொட்டலங்களாக்கி விற்ற தோமஸ் லிப்டன், அச்சிட்ட மேலுறையின் வலிமையை நன்கறிந்தவர்.

பண்டாரவளையிலே மேலுறைகள் வரைந்து பிழைக்கும் என் பழைய மாணாக்கர் ஒருவர் சென்ற மாதம் முகம் வாடி வந்தார். கையிலே கரும்பச்சைத் தாளுறை. சிங்களமும் ஆங்கிலமும் வெள்ளை மையில். ‘ஊவாத் தேயிலை’ என்னும் தமிழ் வரி மட்டும் வெள்ளி ரேக்கிலே பதித்தது.

"நம் மொழிக்கு நகை பூட்டினேன், ஐயா."

கைபேசியிலே படமெடுத்துக் கொழும்பு வாடிக்கையாளருக்கு அனுப்பினாராம். ‘தமிழ் வரி தெரியவில்லை, எடுத்துவிடலாமே’ என்று மறுமொழி வந்தது. 1987-இல் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் பொட்டலத்தினின்று அதனை இறக்கிவிட ஒரு விளக்கின் கோணம் போதுமாயிருக்கிறது!

தாள் தன்மேற் படும் ஒளியை எத்திசையும் சிதறும். ரேக்கோ கண்ணாடி, படுகோணமும் தெறிகோணமும் சமமாதலின், தன் எதிரே உள்ளதையே காட்டும். எதிரே இருள், ஆகவே வெள்ளியும் கறுத்தது. அச்சுத்தாளின் இருபுறமும் 45 பாகையில், சமதூரத்தில் விளக்கு வைத்து, வில்லையை நேரே நிறுத்துதல் மரபு. கூச்சம் பக்கவாட்டில் ஒதுங்கும். மையெழுத்துக்கு அது நன்று, ரேக்குக்கு உதவாது.

ஆதலின் பெரிய வெள்ளை அட்டையொன்றின் நடுவே துளையிட்டு, அதன் வழியே வில்லையைப் பார்க்கச் செய்தோம். அட்டைக்கு எதிரே பொட்டலம். இரண்டுக்கும் பக்கத்திலே சாளரம். மூடுபனிக் காலை. (அத்துணை மென்மையான விளக்கைக் கடையிலே வாங்க முடியாது.) வெண்மை எதிர்ப்பட்டதும் எழுத்துகள் பளிச்சிட்டன. ஆனால் துளையின் கருநிழல் ‘த்’ மேல் விழுந்து புள்ளியை விழுங்கிவிட்டது. ‘ஊவாத தேயிலை’! இலக்கணம் கற்பிப்பவன் இதைப் பொறுப்பேனா? பொட்டலத்தை ஒரு விரற்கடை தாழ்த்தினோம். நிழல் வெறுந்தாளிலே விழுந்து மறைந்தது.

மறுநாளே பதில் வந்தது: ‘தமிழ் வரி இருக்கட்டும், ஆனால் மற்றவற்றைவிட மின்னுகிறது. மூன்றும் ஒரே வெள்ளை மையில் அமையட்டும்.’

மாணாக்கருக்கு நகை போனதிலே வருத்தம். எனக்கில்லை.