மலைப்பாதையில் ‘டொக் டொக்’ சத்தமா? ஒரு சின்ன ரப்பர் சொல்லும் சேதி!

தேனி மாவட்டத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். போடியிலிருந்து மூணாறு போக வேண்டுமென்றால், முந்தலைத் தாண்டியதும் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறினால் 18 வளைவுகள். கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் வந்துவிட்டால் குமுளி மலைப்பாதை. கம்பத்திலிருந்து மேற்கே போனால் கம்பம்மெட்டு. ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மேலே போகும் ஜீப்புகள், வார இறுதியில் தேக்கடி போகும் குடும்பங்கள், கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் என இந்தச் சாலைகள் ஓய்வதே இல்லை.

இப்படி ஏறி இறங்கும் காரில், ஒருநாள் முன்பக்கத்திலிருந்து ‘டொக்... டொக்...’ என்று சத்தம் வரும். பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டுப் போய்விடுகிறவர்கள் உண்டு. பயந்துபோய், ஷாக் அப்சார்பர் போச்சு என்று சொல்கிறவர்களை நம்பி ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறவர்களும் உண்டு. பல நேரங்களில் காரணம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் துண்டுதான். அதன் பெயர் ஸ்டெபிலைசர் பார் புஷ்.

என்ன வேலை செய்கிறது?

காரின் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் குறுக்காக இணைக்கும் இரும்புக் கம்பிதான் ஸ்டெபிலைசர் பார். இரண்டு முனையும் மடங்கி, ‘ப’ வடிவத்தில் இருக்கும். கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவர் 1919-ம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

வளைவில் திரும்பும்போது காரின் உடல் வெளிப்பக்கமாகச் சாயும். அப்போது அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு, அளவுக்கு மேல் சாயாமல் இழுத்துப் பிடிக்கும். நேரான சாலையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பிக்கு முறுக்கு இல்லை. புஷ்ஷுக்குள் சும்மா சுழன்றுகொடுக்கும். ஆனால், கொண்டை ஊசி வளைவுகளில் இடது, வலது, மறுபடி இடது என்று முறுக்கு மாறிக்கொண்டே இருக்கும். மேலே கேரியரில் மூட்டை, உள்ளே ஏழு பேர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கம்பியை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பவை, கிளாம்ப்புக்குள் உட்கார்ந்திருக்கும் இரண்டு ரப்பர் புஷ்கள். ரப்பர் தேய்ந்து இடைவெளி விழுந்தால், கம்பி ஆடி இரும்பில் மோதும். அந்தச் சத்தம்தான் ‘டொக்’.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* சின்னக் குழியில் ஒரு சக்கரம் மட்டும் இறங்கும்போதும், வேகத்தடையில் சாய்வாக ஏறும்போதும் முன்பக்கம் சத்தம் வரும். நல்ல தார்ச் சாலையில் அதிகம் கேட்காது.
* வளைவுகளில் முன்பைவிடக் கார் சாய்கிற மாதிரி தோன்றும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி ஒரு நொடி தாமதித்துத் திரும்புவது போலிருக்கும்.
* புஷ்ஷைப் பார்க்க முடிந்தால், ரப்பரில் வெடிப்பு, ஒரு பக்கம் மெலிந்த தேய்மானம், கம்பிக்கும் ரப்பருக்கும் நடுவே இடைவெளி தெரியும். கம்பியைப் பிடித்து ஆட்டினால் ‘லொட லொட’வென்று ஆடும்.

இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்!

இதே மாதிரி சத்தத்தை இன்னும் மூன்று நான்கு பாகங்களும் கொடுக்கும். ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரத்தோடு இணைக்கும் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட், பால் ஜாயின்ட் எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை.

பார் புஷ் தேய்ந்தால் உடனே வண்டி நின்றுவிடாது, பிடிமானம்தான் குறையும். ஆனால், பால் ஜாயின்ட் விஷயம் அப்படியல்ல. அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். மலைச்சரிவில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால், ‘புஷ் சத்தம்தானே, ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். மலை ஏறுவதற்கு முன்பு வண்டியைத் தூக்கிவைத்து, பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாற்றுவது எப்படி?

சில கார்களில் இரண்டு போல்ட்டைக் கழற்றினால் புஷ் கையில் வந்துவிடும். வேறு சில கார்களில் அது சப்ஃபிரேமுக்கு மேலே ஒளிந்திருக்கும். சப்ஃபிரேமை இறக்கினால்தான் எட்டும். இரண்டாவது வகை என்றால் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும். முதல் வகை என்றால், கருவிகளைக் கையாளத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்யலாம்.

1. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

2. முன்பக்க இரண்டு சக்கரங்களையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி, இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்டு வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கும். கிளாம்ப்பைக் கழற்றும்போது தெறிக்கும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

3. மழையிலும் சேற்றிலும் ஓடிய வண்டியில் போல்ட் துருப்பிடித்திருக்கும். துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழற்றுங்கள்.

4. புஷ்ஷில் ஒரு கீறல் இருக்கும். அதை விரித்துத்தான் கம்பியிலிருந்து எடுக்க வேண்டும். கீறல் முன்பக்கம் பார்க்கிறதா, பின்பக்கம் பார்க்கிறதா என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதும் அதே திசையில்தான் உட்கார வேண்டும்.

5. கம்பியில் ரப்பர் உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடையுங்கள். அங்கே இரும்பே பள்ளமாகத் தேய்ந்திருந்தால், புது புஷ்ஷும் நிலைக்காது.

6. புது புஷ், கிளாம்ப் இரண்டையும் பொருத்தி, எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் ஏற்றுங்கள். பிறகு தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முறுக்குங்கள். சில மாடல்களில் வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். அதன்படியே செய்யுங்கள்.

ஒரு பக்கம்தான் சத்தம் என்றாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். வாங்கும்போது மாடல், வருடம், வேரியன்ட் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். ஒரே காரில் வேரியன்ட்டுக்கு ஏற்ப கம்பியின் தடிமன் மாறலாம். அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலும் அடுத்த மாதமே சத்தம் திரும்பிவிடும்.

ரப்பரின் எதிரி எண்ணெய்

குமுளியைத் தாண்டி அதே நெடுஞ்சாலையில் போனால் வரும் கோட்டயம்தான் இந்தியாவின் ரப்பர் வாரியத்துக்குத் தலைமையிடம். ரப்பர் தெரிந்த எவரும் சொல்லும் பாலபாடம் இது: இயற்கை ரப்பருக்கு பெட்ரோலியம் ஆகாது.

நம் ஊரில் வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் ‘துருப்பிடிக்காது சார்’ என்று வண்டிக்கு அடியில் டீசலோ, பழைய ஆயிலோ அடிக்கும் பழக்கம் உண்டு. அது புஷ்ஷில் படும்போது ரப்பர் ஊதி, மெதுத்து, சீக்கிரம் பிய்ந்துபோகும். சத்தத்தை அடக்க கிரீஸ் அப்புவதும் அப்படித்தான். இரண்டு நாள் அமைதி, பிறகு இரட்டிப்புச் செலவு. மாட்டும்போது இறுக்கமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் போதும். பாலியூரித்தேன் புஷ் போடுகிறவர்கள் அதற்கான சிலிகான் கிரீஸை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள்

பல சிறிய கார்களுக்கு இந்த ரப்பரின் விலை சில நூறு ரூபாய்தான். அதனால் பில் பெரிதாக வந்தால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். கழற்றிய பழைய புஷ்ஷைக் காட்டச் சொல்லுங்கள். சப்ஃபிரேமை இறக்கினார்களா என்று கேளுங்கள்; கூலி கூடுவதற்கு அது நியாயமான காரணம். வீல் அலைன்மென்ட் எதற்கு என்றும் கேளுங்கள். பார் புஷ் மட்டும் மாற்றினால் பொதுவாக அது தேவைப்படாது. சப்ஃபிரேமை இறக்கியிருந்தாலோ, லோயர் ஆர்மைக் கழற்றியிருந்தாலோ அவசியம் பார்க்க வேண்டும்.

மாற்றிய பிறகு நேராக மலைக்கு ஏறிவிட வேண்டாம். ஊருக்குள்ளேயே நாலைந்து வேகத்தடைகளில் மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒரு வாரம் ஓடியதும் போல்ட்டுகளின் முறுக்கை இன்னொரு முறை சரிபார்த்துவிடுங்கள். அதன் பிறகும் ‘டொக்’ கேட்டால், தேட வேண்டிய அடுத்த இடம் லிங்க் ராடு.