அனல் தாங்கும் பூச்சு

எஞ்சினில் எரிந்து வெளியேறும் புகையை வீணாக்காது, அதனாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, மிகுந்த காற்றை எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி டர்போசார்ஜர் எனப்படும். சுவிட்சர்லாந்து தேசத்தவராகிய ஆல்பிரட் பியூக்கி என்பார் 1905-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

பெட்ரோல் எஞ்சினில் இப்புகையின் உஷ்ணம் 900 டிகிரி சென்டிகிரேடையும் எட்டக்கூடும். அவ்வனலில் இரும்பு பிராணவாயுவோடு கூடிச் செதிள் செதிளாய் உதிரும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் நிக்கல், குரோமியம் முதலிய உலோகங்கள் அருகியபோது, அமெரிக்க அரசாங்க ஆராய்ச்சியாளர் சாதாரண எஃகாலான விமானப் புகைக்குழாய்களைக் காக்கும் பீங்கான் பூச்சுக்களை ஆக்கினர்.

பழைய பாகத்தைப் புதுப்பிக்குங்கால், முதலில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்குவர். பின்பு மணல் போன்ற துகளை விசையுடன் வீசித் துருவையும் பழம் பூச்சையும் களைவர். சுழலும் அச்சையும் அதன் தாங்கிகளையும் முன்னரே கழற்றிவிடல் வேண்டும். அதன்மேற் பீங்கான் துகள் கலந்த கலவையை மெல்லிதாய்த் தெளித்துச் சூட்டில் இறுகச் செய்வர். தடித்த பூச்சு நன்றன்று; உலோகமும் பூச்சும் ஒரே அளவாய் விரியாமையின் அது வெடித்துப் பெயரும்.

ஒன்று மறவற்க. பூச்சு விரிசலை மறைக்குமேயன்றி ஆற்றாது. விரிசல் வழியே தப்பும் அனற்புகை அண்டையிலுள்ள எண்ணெயைத் தீப்பற்றச் செய்தலுங் கூடும். ஆதலின், பூசுமுன் சோதித்தலே இத்தொழிலின் முதற்கடன்.