மலையகத்தின் பழைய இசைத்தட்டுகளும் சுவரொட்டிகளும்: பெறுமதி பற்றிய ஒரு நோக்கு

பொழுதுபோக்குக்கெனப் பயன்பட்ட பொருள்களின் பெறுமதி நிலையானதன்று. ஒரு காலத்திலே கூலியை மிச்சம் பிடித்து வாங்கப்பட்ட இசைத்தட்டு பிறிதொரு காலத்திலே குப்பையென ஒதுக்கப்படுகின்றது. பின்னர் அதுவே அரும்பொருள் எனத் தேடப்படுகின்றது. இம்மாற்றத்தைச் சேகரிப்போரின் தனிப்பட்ட விருப்பத்தைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. பேணத்தக்கது எது என்பதை எவர், எந்த அளவுகோலைக் கொண்டு தீர்மானிக்கின்றார் என்ற வினா அதனுள் அடங்கியுள்ளது. லிந்துலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனை ஆகிய தேயிலைத் தோட்டப் பகுதிகளை மனத்திற் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. 1908இல் கல்கத்தாவிலே தட்டுகள் உற்பத்தி செய்யப்படலாயின. அரக்கினால் ஆன அத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழன்றது. ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஒலித்தது. 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழிலே பேசும்படம் தோன்றிய பின்னர் திரைப்பாடலே இசைத்தட்டின் பிரதான சரக்காயிற்று. தோட்டங்களிலே இசைத்தட்டுப் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் தனியுடைமையாக இருக்கவில்லை. கோயில் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் வாடகைக்கு அமர்த்தப்பட்ட ஒலிபெருக்கியின் வழியாகவே அது மலைச்சரிவெங்கும் கேட்டது.

வானொலியும் அவ்வாறே. 1925ஆம் ஆண்டு டிசம்பரிலே கொழும்பில் ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தோன்றியது. லயன் அறைகளை மின்சாரம் பரவலாக எட்டுவதற்கு முன்னரே மின்கலத்தால் இயங்கும் வானொலிப்பெட்டி அங்கு நுழைந்துவிட்டது. ஒரு வீட்டில் ஒலித்ததை அடுத்தடுத்த வீடுகளும் கேட்டன. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையின் பின்னர் கசட் கருவிகள் பெருகின. வேண்டிய பாடல்களைத் தெரிவுசெய்து கொடுத்தால் நாடாவிலே பதிந்து தரும் றெக்கோடிங் பார்கள் நகரங்களிலே தோன்றின. 1979இல் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பமானது; 1982இல் ரூபவாஹினி தொடங்கியது; வாடகைக்கு எடுத்த வீடியோ நாடாவைப் பலர் கூடியிருந்து பார்க்கும் வழக்கமும் வந்தது. இவற்றோடு திரையரங்க வாயிலிலே விற்கப்பட்ட பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். கதைச்சுருக்கத்தைப் பாதி கூறி, மிகுதியை வெள்ளித்திரையிற் காணுமாறு நிறுத்திவிடும் அச்சிறு நூல், பாடலைக் கேட்டவர் அதனை வாசித்துப் பாடவும் துணைசெய்தது.

இனி, சந்தையின் நடைமுறையை நோக்குவோம். இப்பொருள்கள் யாவும் மூன்று கட்டங்களைக் கடக்கின்றன. முதற்கட்டத்திலே பயன்பெறுமதி காரணமாக அவை விலைபெறுகின்றன. புதிய சாதனம் தோன்றியதும் இரண்டாங்கட்டத்திலே அப்பயன் அற்றுப்போக, விலையும் வீழ்கின்றது. பெரும்பாலானவை அழிவது இக்கட்டத்திலேயே. எஞ்சியவை சிலவாகிய பின்னர், மூன்றாங்கட்டத்திலே அருமை காரணமாக அவற்றுள் ஒருசில மீண்டும் விலைபெறுகின்றன. சுவரொட்டி இதற்குத் தக்க உதாரணமாகும். சுவரிலே பசை தடவி ஒட்டப்பட்டு, மழையிலே கரைந்து, அடுத்த படத்தின் ஒட்டியால் மறைக்கப்படுவதற்கென்றே அது அச்சிடப்பட்டது. 1927இல் வெளிவந்த ‘மெட்ரோபொலிஸ்’ என்னும் ஜெர்மன் படத்தின் சுவரொட்டி ஒன்று 2005இல் 690,000 அமெரிக்க டொலருக்கு விலைபோனமைக்கு, அதன் நான்கு பிரதிகளே எஞ்சியுள்ளனவாக அறியப்பட்டமை முக்கிய காரணமாகும்.

ஒளிநாடாவின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. வீ.எச்.எஸ். நாடா 1976இல் ஜப்பானில் அறிமுகமாயிற்று. அதனை இயக்கும் கருவிகளை இறுதிவரை உற்பத்தி செய்த பூனாய் நிறுவனம் 2016இல் அதனை நிறுத்திக்கொண்டது. ஆறே ஆண்டுகளின் பின், 2022இல், ‘பேக் டு த பியூச்சர்’ என்னும் படத்தின் உறை பிரிக்கப்படாத நாடா ஒன்று அமெரிக்காவில் 75,000 டொலருக்கு ஏலம் போயிற்று. உறை பிரிக்கப்படாதது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. ஒருவரும் பார்க்காத நாடாவுக்கே உயர்ந்த விலை. பலர் பார்த்துத் தேய்ந்த அதே படத்தின் நாடாவைச் சந்தை பொருட்படுத்துவதில்லை. பயன்பெறுமதியிலிருந்து பரிவர்த்தனைப் பெறுமதி முற்றாகப் பிரிந்து நிற்கும் நிலை இதுவாகும்.

இவ்வளவுகோலை மலையகத்துக்குப் பிரயோகித்தால் விளைவு யாது? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையிலே, அடுப்புப் புகைக்கும் மழைக்கால ஈரத்துக்கும் இடையில் இருந்த பொருள் எதுவும் பழுதுறாது எஞ்சுதல் அரிது. காகிதத்திலே பூஞ்சணம் படரும். நாடாவின் காந்தப்பூச்சைப் பிணைத்து நிற்கும் பசை ஈரத்தினால் இளகும். அரக்குத்தட்டோ தவறி விழுந்தால் உடையும். ஆகவே, சேகரிப்போர் சந்தையிலே மலையக வீட்டுப் பொருள் பெறுமதியற்றதாகவே கணிக்கப்படும். ஆயின், அப்பழுதே ஓர் ஆய்வாளனுக்குச் சான்றாகும். கசட் உறையிலே கையால் எழுதப்பட்ட பாடல் வரிசை, ஒரு தலைமுறை எவற்றை விரும்பிக் கேட்டது என்பதைக் காட்டுகின்றது. பாட்டுப் புத்தகத்தின் ஓரத்திலுள்ள பெயரும் தோட்டத்தின் பெயரும் அந்நூல் யாரிடம் சென்றது என்பதைக் காட்டுகின்றன. திருமண வீட்டிலே பதியப்பட்ட நாடாவில், திரைப்பாடலுக்கு இடையே ஒரு முதியவளின் நாட்டார் பாடலும் இருக்கக்கூடும். இத்தகையவற்றுக்குச் சந்தையிலே விலையில்லை, மாற்றுப்பிரதியும் இல்லை. இதனை ஆவணப்பெறுமதி எனலாம்.

தோட்ட மக்களின் வாழ்வைத் திரையிலே காட்ட முயன்ற படங்களைப் பொறுத்து இவ்வுண்மை மேலும் கூர்மை பெறுகின்றது. ‘தோட்டக்காரி’ 1963இலும், தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ 1975இலும் வெளிவந்தன. 1983 ஜூலை வன்செயலிலே ஹெந்தளையிலிருந்த விஜயா படப்பிடிப்பு நிலையம் எரியூட்டப்பட்டபோது இலங்கைச் சினிமாவின் மூலச்சுருள்கள் பலவும் அழிந்தன. படச்சுருள் அழிந்தவிடத்து, விளம்பரச் சுவரொட்டியும் பாட்டுப் புத்தகமும் இசைத்தட்டுமே அப்படத்தின் வரலாறாக எஞ்சுகின்றன. அவை யாருடைய தகரப்பெட்டியிலே கிடக்கின்றன என்பது அற்பமான வினாவன்று.

மலையக மக்களுக்கு ஆவணம் என்பது வெறும் நினைவுப்பொருளன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையோ, அன்றிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்கு ஆதாரம் கேட்டது. ஆதாரமில்லை என்ற காரணத்தினாலேயே பெருந்தொகையானோர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென வகுத்தது. தலைமன்னாரில் கப்பலேறியோர் எடுத்துச் சென்றவையும் விட்டுச் சென்றவையுமாக ஒரு சமூகத்தின் வீட்டுப் பொருள்கள் இரு கரைகளிலும் சிதறின. சான்றில்லாமையால் உரிமை இழந்த ஒரு மக்கட் கூட்டம், தன் பண்பாட்டு வாழ்வின் சான்றுகளையும் பழைய இரும்பு வியாபாரியின் சாக்கிலே இடுமாயின், அது இரண்டாவது இழப்பாகும்.

இவ்விழப்பைத் தடுக்க முடியும் என்பதற்கு முன்னுதாரணங்கள் உள. தமிழ்நாட்டுக் கோட்டையூரில், பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக அறிவித்தல்களையும் திரைப்படப் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துவைத்தார். அவர் 1992இல் மறைந்த பின்னர் அச்சேகரிப்பு 1994இலே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. மலையகத்திலே சாரல் நாடன் போன்றோர் கோ. நடேசய்யர், மீனாட்சி அம்மாள் ஆகியோரின் எழுத்துகளைத் தேடி மீட்டனர். கம்பளைக்கு அண்மையிலே, பழைய லயன் அறைகளில் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்காட்சியகம் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. 2005இல் ஆரம்பமான நூலகம் திட்டம் ஈழத்து எழுத்தாவணங்களை மின்வடிவிலே பேணிவருகின்றது.

இம்முயற்சிகளை ஒலிக்கும் ஒளிக்கும் விரிவுபடுத்தல் வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு முதற்றேவையன்று. பூஞ்சணம் பிடித்த நாடாவைத் துப்புரவு செய்யாமல் ஓடவிடலாகாது; ஓடவிட்டால் நாடாவும் கருவியும் பழுதுறும். அரக்குத்தட்டை மதுசாரங் கொண்டு துடைக்கலாகாது. அரக்கு அதிற் கரையும். சுவரொட்டியை ஒட்டுநாடாவால் ஒட்டாது, விரித்தபடி உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, பொருளைப் பெறும்போதே அது எந்தத் தோட்டத்தில், எவ்வாறு, எவருடன் கேட்கப்பட்டது என்பதை உடையவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். அக்குறிப்பு இல்லாத பொருள் அரும்பொருளாகலாம், ஆவணமாகாது. பொருளைத் தர விரும்பாதவரிடம் பிரதி மட்டும் பெறுவதே முறை. மூலம் உடையவரிடமே இருக்கட்டும்.

சந்தை மூன்றாங்கட்டத்திலேதான் கண்விழிக்கும். அதற்குள் விலைபெறத்தக்க சில தப்பும். விலையற்ற பல மறையும். எனவே, பல்கலைக்கழகங்களும் தோட்டப் பாடசாலைகளும் தொழிற்சங்கங்களும் இரண்டாங்கட்டத்திலேயே, அதாவது இப்பொருள்களைக் குப்பை என எல்லாரும் கருதும் இவ்வேளையிலேயே, பணியைத் தொடங்குதல் வேண்டும்.