வெள்ளம் வடிந்த பின் வீட்டுச் சீரமைப்பு

வெள்ளம் வடிந்த பின் வீட்டுச் சீரமைப்பு என்பது, வெள்ளநீர் புகுந்து வெளியேறிய வீட்டை மீண்டும் குடியிருக்கத் தக்கதாக ஆக்கும் பணிகளைக் குறிக்கும். வெள்ளம் செய்த சேதத்தை மாற்ற இயலாது. ஆனால் நீர் வடிந்த பின் அவசரத்தால் விளையும் சேதத்தைத் தவிர்க்க இயலும். மின்சாரத்தை உடனே இணைப்பது, நிலத்தடித் தொட்டியை உடனே காலி செய்வது, ஈரச் சுவருக்கு உடனே வண்ணம் பூசுவது ஆகிய மூன்றும் இவ்வகையில் முதன்மையானவை.

பின்னணி

ஊரப்பாக்கம், சென்னையின் தென்புறத்தில் வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே அமைந்துள்ளது. இப்பகுதி ஏரிகளின் மிகைநீர் ஆதனூர் வழியாக அடையாற்றைச் சென்றடைகிறது. 2015 திசம்பர் 1, 2 ஆகிய நாட்களில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாற்றின் மேற்பகுதியில் உள்ள முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் வீடுகள் நீரில் மூழ்கின. 2023 திசம்பரில் மிக்சாம் புயலின்போதும் சென்னையின் புறநகர்ப் பகுதிகள் பல வெள்ளத்தில் சிக்கின. இவ்வட்டாரத்தில் வெள்ளம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலேயே வருகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த இக்காலத்தில் வீடு உலர்வது மிக மெதுவாகவே நிகழும்.

மின்சாரம்

வீட்டினுள் நுழையுமுன் முதன்மை மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். மின்பலகையை அடைய நீரில் நடக்க வேண்டியிருந்தால் அதைத் தொடாமல், மின்வாரிய ஊழியரைக் கொண்டே துண்டிக்கச் செய்தல் நன்று. பலரும் மறப்பது இன்வர்ட்டர். தெருவில் மின்சாரம் இல்லாதபோதும், முதன்மை இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தாலும், மின்கலத்தில் இருந்து வீட்டுக் கம்பிகளில் 230 வோல்ட்டு பாய்ந்துகொண்டிருக்கலாம். எனவே அதனையும் தனியே அணைக்க வேண்டும்.

நீரில் மூழ்கிய சுவிட்சுகளையும் மின்காப்புக் கருவிகளையும் மாற்றிவிடுவதே பாதுகாப்பானது. அவற்றின் உள்ளே படிந்த மெல்லிய சேறு வெளியே தெரியாது. நீரேற்று மோட்டாரின் சுருள் உலர்ந்ததா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. மின்பணியாளர் மெக்கர் என்னும் கருவியால் காப்புத்தடையை அளந்த பின்னரே அதை இயக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் பொறி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். வெள்ளத்தில் நின்ற வண்டியின் எஞ்சினையும் இயக்கிப் பார்த்தல் கூடாது. உருளைக்குள் புகுந்த நீரை அமுக்க இயலாததால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும்.

நிலத்தடித் தொட்டி

புறநகர் வீடுகளில் குடிநீர்த் தொட்டியும் (சம்ப்) கழிவுநீர்த் தொட்டியும் ஒரே மனையில் அமைந்திருப்பது வழக்கம். வெள்ளத்தில் இரண்டின் நீரும் கலந்துவிடுவதால், தொட்டியை உடனே இறைத்துக் கழுவத் தோன்றுவது இயல்பு. இதில் ஓர் ஆபத்து உள்ளது. வெள்ளம் வடிந்த பின்னும் சில நாட்களுக்கு நிலத்தடி நீர் மேல்மட்டத்திலேயே நிற்கும். அது தொட்டியின் வாய்வரை இருக்கையில் 10,000 லிட்டர் தொட்டியை முழுதும் காலி செய்தால், அதனை மேல்நோக்கித் தள்ளும் விசை 10 டன்னுக்குக் குறையாது. கனம் குறைந்த தொட்டி மிதந்து எழும்பலாம். செங்கல் தொட்டியின் தரை விரிசல் விடலாம். அருகில் உள்ள கிணற்றின் நீர்மட்டம் இறங்கியதைக் கண்ட பிறகே தொட்டியை முழுதாகக் காலி செய்தல் வேண்டும். அதுவரை அந்நீரைக் கழிப்பறைக்குப் பயன்படுத்தலாம். வெள்ளம் எட்டாத மாடித் தொட்டியின் நீர் தூய்மையாகவே இருக்கும். மோட்டாரை இயக்கி அதையும் கெடுத்துவிடாமல் இருந்தால் போதும்.

கழுவிய தொட்டியில் புதுநீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 4 கிராம் வெளிறுதூள் (பிளீச்சிங் பவுடர்) கலக்கலாம். தூளில் 33 விழுக்காடு குளோரின் இருப்பின் இது லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் குளோரின் தரும். ஒரு மணி நேரம் கழித்தே நீரைப் பயன்படுத்த வேண்டும். வெளிறுதூளைக் கழிப்பறை அமிலத்துடன் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அவ்வாறு சேர்த்தால் நச்சுத்தன்மை உடைய குளோரின் வாயு வெளிப்படும்.

சேறும் சுவரும்

உண்மையில் விரைவு தேவைப்படும் பணி சேற்றை அகற்றுவதே. ஈரமாக இருக்கையில் நீரோடு தள்ளிவிடலாம். காய்ந்தபின் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி ஈரமண்ணில் வாழக்கூடியது என்பதால் காலுறையும் கையுறையும் தேவை. அலமாரி அடிகளிலும் குளியலறையிலும் பாம்பு ஒதுங்கியிருக்கலாம். அதை அடிக்க முயலாமல் தீயணைப்புத் துறையினரை அழைப்பது நல்லது.

செங்கல் நுண்துளைகள் நிறைந்தது. நீர் நின்ற கோட்டுக்கும் மேலே ஈரம் ஏறியிருப்பதற்கு நுண்புழை ஏற்றமே காரணம். இந்த ஈரம் வெளியேறுகையில் கரைந்த உப்புகளைச் சுவரின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து வெண்மையாகப் பூக்கச் செய்கிறது. இதனைக் கழுவினால் உப்பு மீண்டும் கரைந்து உள்ளே செல்லும். உலர்ந்த தூரிகையால் துடைப்பதே சரி. திசம்பரில் நனைந்த வீட்டுக்குப் பொங்கலுக்குள் வெள்ளையடித்துவிட வேண்டும் என்று பலர் விரும்புவர். அந்த ஆறு வாரங்கள் போதா. எண்ணெய் வண்ணம் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, சில மாதங்களில் வண்ணம் கொப்புளித்து உதிரும். கோடைவரை காத்திருப்பது செலவைக் குறைக்கும்.

தேக்கு மரப் பொருள்கள் நிழலில் மெதுவாக உலர்ந்தால் மீளும். மரத்துகள் பலகையால் ஆனவை உப்பிவிட்டால் மீளா.

ஆவணங்களும் இழப்பீடும்

எதையும் வெளியே எறியுமுன், சுவரில் உள்ள நீர்க்கோடு தெரியுமாறு நிழற்படங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். காப்பீட்டு மதிப்பீட்டாளர் வருகையில் இவையே சான்று. 2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் 'பாரத் கிருக ரக்ஷா' வீட்டுக் காப்பீடு வெள்ளத்தையும் உள்ளடக்கியது.

ஒட்டிக்கொண்ட ஈரத்தாள்களை வலிந்து பிரித்தால் கிழியும். நெகிழிப்பையில் இட்டு உறைபெட்டியில் வைத்தால் பூசணம் பிடிக்காது. பின்னர் பொறுமையாக உலர்த்தலாம். 2015 வெள்ளத்தில் ஆவணங்களை இழந்தோருக்கு நகல்கள் வழங்கத் தமிழ்நாடு அரசு அவ்வாண்டு திசம்பரிலேயே சிறப்பு முகாம்கள் நடத்தியது. 2023இல் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அளிக்கப்பட்ட 6,000 ரூபாய் நிவாரணம் நியாயவிலைக் கடைகள் வழியாக வழங்கப்பட்டது. ஆகவே முதலில் உலர்த்த வேண்டிய ஆவணங்களுள் குடும்ப அட்டையும் ஒன்று.