நல்லா ஓடற நாடகத்தை ஏனுங்க நிறுத்தறாங்க?

2024 ஜூன் 8, சனிக்கிழமை. இரவு ஒன்பதரை மணிக்கு சன் டிவியில் ‘எதிர்நீச்சல்’ முடிந்துபோனது. 2022 பிப்ரவரி 7-ல் தொடங்கி, 2023-ல் தமிழ்த் தொடர்களின் டிஆர்பி பட்டியலில் முதலிடம் வரை போன தொடர். முடியப்போகிறது என்ற செய்தி கசிந்ததும் கொங்கு வீடுகளில் எழுந்த கேள்விதான் தலைப்பில் இருப்பது. இங்கே வயதானவர்களுக்கு சீரியல் இன்னும் ‘நாடகம்’தான்.

நிறுத்தியதைவிட, முடித்த வேகம்தான் ஆத்திரத்தைக் கிளப்பியது. வீட்டின் மூத்தவரும் வில்லனுமான குணசேகரனின் தங்கை ஆதிரையின் கல்யாணத்தை வாரக்கணக்கில் இழுத்த கதை, அந்த வீட்டின் நான்கு மருமகள்களின் வழக்கைச் சில நாட்களில் தீர்த்துவைத்து வணக்கம் போட்டது. குணசேகரன் தோற்பதைப் பார்க்க இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்களுக்கு, அந்தத் தோல்வியை நிதானமாக ருசிக்க நேரம் தரவில்லை.

மதுரைப் பின்னணியில் நடக்கும் கதை அது. பேச்சும் தெற்கத்திப் பேச்சு. ஆனாலும் கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் அது பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டென்று நினைக்கிறேன். தொடரின் அச்சாணியே சொத்துப் பங்கு. பட்டம்மாள் என்ற அப்பத்தாவின் கையில் 40 சதவீதம். அதை எழுதி வாங்க ஆதி குணசேகரன் படாதபாடு படுகிறார். பாம்பே ஞானம் அப்பத்தாவாக நடித்தார். வெளியிலிருந்து வந்து அந்தப் பங்கைத் தட்டிச் செல்லும் ஜீவானந்தமாக இயக்குநர் திருச்செல்வமே வந்தார். 2003 முதல் 2009 வரை 1,500 எபிசோடுகளைத் தாண்டி ஓடிய ‘கோலங்கள்’ தொடரை எடுத்தவரும் அவர்தான்.

பங்கு, பாகம், கையெழுத்து என்றால் கொங்கு வீட்டுப் பெண்களுக்கு விளக்கவுரை தேவையில்லை. இங்கே பெண்ணுக்கு நகை போடுவார்கள், சீர் செய்வார்கள், வசதியிருந்தால் கார்கூட வாங்கித் தருவார்கள். காடு தோட்டம் பிரிக்கும் நாளில் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது 1989-ல், கருணாநிதி ஆட்சியில். மத்திய அரசு அதே இடத்துக்கு வர 2005 ஆனது. சட்டம் வந்து 35 வருடத்துக்கு மேலாகியும், ‘கேட்டால் பொறந்த வீட்டு உறவு போயிரும்’ என்ற பயத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்து பார்த்தது தொடரின் மருமகள்களான ஈஸ்வரியையும் நந்தினியையும் மட்டுமா? நந்தினி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் வீட்டுக்குள் ஒரு சின்னச் சிரிப்பு கேட்கும். பக்கத்தில் மாமியார் இருந்தால் அந்தச் சிரிப்பு அடங்கிக் கேட்கும்.

குணசேகரனாக நடித்த ஜி.மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ல், இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்தார். ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ படங்களை இயக்கியவர். ஆனால் ஊர் முழுக்கப் பேர் வாங்கித் தந்தது இந்த வில்லன் வேடம். வெறுக்கப்பட வேண்டிய ஆளை ரசிக்க வைத்தார். அந்த இடத்துக்கு எழுத்தாளர் வேல.ராமமூர்த்தி வந்தார். ‘குற்றப் பரம்பரை’ நாவலாசிரியரின் குணசேகரன் வேறு மாதிரி ஆள். மிரட்டல் இருந்தது, மாரிமுத்துவின் அந்த நக்கல் இல்லை. இதற்கிடையே, 2023 அக்டோபரில் சன் டிவியிலேயே தொடங்கிய ‘சிங்கப்பெண்ணே’ தொடர் மெல்ல மேலே ஏறி முதலிடத்தைப் பிடித்தது. கிராமத்திலிருந்து வந்து கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணின் கதை அது. திருப்பூர்க்காரர்களுக்கு அதை யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை.

மேலே, கீழே என்று யார் அளக்கிறார்கள்? 2015 முதல் இந்தியாவில் இந்த வேலையைச் செய்வது பார்க் என்ற அமைப்பு. சேனல்கள், விளம்பரதாரர்கள், விளம்பர ஏஜென்சிகள் மூன்று தரப்பும் சேர்ந்து நடத்துவது. தேர்ந்தெடுத்த வீடுகளில் டிவியோடு ஒரு மீட்டர் வைப்பார்கள். சேனலின் ஒலிக்குள் மனிதக் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு ஒளிந்திருக்கும். எந்தச் சேனல் ஓடுகிறது என்பதை மீட்டர் அதை வைத்துக் கண்டுபிடிக்கும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் ஒரு பட்டன். உட்காரும்போது அமுக்க வேண்டும், எழுந்து போகும்போதும் அமுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து, நிமிடத்துக்கு நிமிடம் சராசரி எடுத்துத்தான் ரேட்டிங். பாதியில் அடுப்பை அணைக்க எழுந்து போனவர் பாதிப் பார்வையாளர்தான்.

இந்தத் தொடர் ஓடிய காலத்தில் நாடு முழுக்க ஏறத்தாழ 21 கோடி டிவி வீடுகள்; மீட்டர் இருந்ததோ சுமார் 55,000 வீடுகளில். கிட்டத்தட்ட 3,800 வீட்டுக்கு ஒன்று. இது மோசடி என்று சொல்பவர்கள் உண்டு, நான் சொல்லமாட்டேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் பானைக்குள் என்ன போட்டார்கள் என்பதைக் கேட்டாக வேண்டும். மீட்டர் வைக்கப்படுவது குடும்பங்கள் வசிக்கும் வீடுகளில். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் நூற்பாலைகளில் வேலை பார்க்கும் இளம்பெண்கள் பலர் மில் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் சுவரோரம் மாட்டிய ஒரே டிவிக்கு முன்னால் ஐம்பது பேர் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்த ஐம்பது பேரும் வீட்டுக் கணக்கில் வருவதில்லை. பனியன் கம்பெனியில் ஓவர்டைம் முடிந்து, வீடு திரும்பும் வண்டியில் போனில் பார்ப்பவளும் வாராந்திர டிஆர்பிக்குள் வருவதில்லை. அந்தப் பார்வையெல்லாம் சன் நெக்ஸ்ட், யூடியூப் என்று வேறு கணக்கில் சேரும். ஆக, தொழில் நகரங்களின் பார்வையாளர்களில் ஒரு பெரிய கூட்டம் இந்த எண்ணுக்கு வெளியே நிற்கிறது. ஒரு தொடர் ‘விழுந்துவிட்டது’ என்று படிக்கும்போது இதையும் மனதில் வைக்க வேண்டும்.

இன்னொன்று. பார்ப்பவரைச் சேனலின் முழு வாடிக்கையாளர் என்று சொல்ல முடியாது. அவருடைய அரை மணி நேரக் கவனத்தை விளம்பரதாரருக்கு விற்பதுதான் வியாபாரத்தின் பெரும் பகுதி. கொங்கு நாட்டில் இது கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கிறது. தமிழ் டிவி விளம்பரங்களில் நம் கண்ணுக்குப் பழகிய பெயர்களில் ஈரோட்டுச் சக்தி மசாலாவும் திருப்பூர் ராம்ராஜும் உண்டு. பெருந்துறையில் உட்கார்ந்து தொடர் பார்க்கும் ஒரு பெண்ணின் கவனம் சென்னைக்குப் போய், விலை பேசப்பட்டு, மசாலா விளம்பரமாகத் திரும்ப அவர் வீட்டுக்கே வருகிறது. அவருக்கு நந்தினியைப் பிடிக்குமா, இன்னொரு மருமகள் ரேணுகாவைப் பிடிக்குமா என்பதற்கு இந்தப் பேரத்தில் இடமில்லை. ஒன்பதரை மணிக்கு எத்தனை பேர், எந்த வயதில் என்பதுதான் கேள்வி. அந்த நேரத்தில் வேறொரு கதை அதைவிட அதிகம் பேரைக் கூட்டும் என்று சேனல் நம்பிவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் கதைக்கு நாள் குறித்துவிடுவார்கள். தோற்றுத்தான் வெளியேற வேண்டும் என்பதில்லை.

ஒரு காலத்தில் தயாரிப்பாளர்களே சன் டிவிக்குக் கட்டணம் கட்டி நேரத்தை வாங்கினார்கள். நடிகை ராதிகாவின் ராடான் போன்ற நிறுவனங்கள் அந்த முறையில் வளர்ந்தவை. விளம்பர நிமிடங்களை அவர்களே விற்றுக்கொண்டார்கள். ஒரு தொடரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் தயாரிப்பாளருக்கும் கொஞ்சம் பிடி இருந்தது. இப்போது பெரும்பாலும் சேனலே பணம் கொடுத்து எடுக்கச் சொல்கிறது. பிடி முழுக்க ஒரே கையில்.

அமெரிக்கத் தொடருக்குச் சீசன் உண்டு. பிடிக்காவிட்டால் அடுத்த சீசனை விட்டுவிடுவார்கள். கதை அந்தரத்தில் தொங்கும். நம் தொடருக்கு வாரம் ஆறு நாள், முடிவுத் தேதி கிடையாது. காட்சியை எழுதுவதும் எடுப்பதும் ஒளிபரப்புக்குச் சில நாட்கள் முன்னால்தான். ஓடும்வரை ஓட்டு என்று எழுதிய கதைக்குத் திடீரென்று தேதி குறித்தால் என்ன ஆகும்? கெட்டவன் ஒரே வாரத்தில் திருந்துவான், பிரிந்தவர்கள் கூடுவார்கள், எல்லாரும் வரிசையாக நின்று கேமராவைப் பார்ப்பார்கள். அதுகூடக் கிடைக்காத தொடர்களும் உண்டு. 2020 கொரோனா ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றபோது ‘அழகு’, ‘சாக்லேட்’, ‘தமிழ்ச்செல்வி’, ‘கல்யாணப் பரிசு’ என்று சன் டிவியின் சில தொடர்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. ரேவதி நடித்த ‘அழகு’ குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. பழைய ‘மெட்டி ஒலி’யை அப்போது மறுபடி போட்டார்கள், கூட்டம் அங்கே போய்விட்டது.

வெளிநாட்டு ரசிகர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, 1967-68-ல் ட்ரிம்பிள் தம்பதியர் ஒருங்கிணைத்து என்பிசிக்குக் கடிதமாகக் குவித்தார்கள். சேனல் இறங்கி வந்தது. ஆனால் மூன்றாவது சீசனை வெள்ளி இரவு பத்து மணிக்குத் தள்ளியது, இளைஞர்கள் வீட்டில் இல்லாத நேரம். 1969-ல் தொடர் முடிந்தது. 2007-ல் ‘ஜெரிக்கோ’ ரசிகர்கள், கதையில் வந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு சிபிஎஸ் அலுவலகத்துக்கு 20 டன்னுக்கு மேல் கடலை அனுப்பினார்கள். ஏழு எபிசோடு கிடைத்தது, அதற்கப்புறம் அதுவும் நின்றது. நம்மாட்கள் லாரி லாரியாகப் பொள்ளாச்சித் தேங்காயை, சன் டிவி அலுவலகம் இருக்கும் சென்னை எம்.ஆர்.சி. நகருக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்ததுண்டு. சட்னிக்கு ஆகியிருக்கும்.

இங்கே அப்படி நடக்காததற்குக் காரணம் எளிது. சினிமா ரசிகனுக்கு மன்றம் இருக்கிறது, பேனர் இருக்கிறது, ஒரு படம் தள்ளிப்போனால் தியேட்டர் வாசலில் நின்று கத்த ஆள் இருக்கிறது. தொடர் ரசிகர்களில் பெரும்பாலோர் பெண்கள். சோறு போட்டு, பாத்திரம் கழுவி வந்து உட்காருகிறவர்கள். கூடவே உட்கார்ந்து பார்க்கும் ஆண்கள் வெளியில் ‘நான் அதெல்லாம் பாக்கறதில்லைங்க’ என்று சாதிப்பார்கள். கோபம் அடுப்படியிலும் தறிக்கூடத்திலும் பேசித் தீர்ந்துபோகிறது.

2024 டிசம்பர் 23 அன்று அதே ஒன்பதரை மணிக்கு ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ வந்தது. இதை ரசிகர்களின் வெற்றி என்று கொண்டாடியவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். புதுத் தொடரைப் பழக்கப்படுத்தச் சேனல் மாதக்கணக்கில் புரோமோ போட வேண்டும். இந்தப் பெயருக்கு அந்தச் செலவு மிச்சம். திருச்செல்வம் திரும்பினார், வேல.ராமமூர்த்தி திரும்பினார், குணசேகரனின் கொட்டமும் திரும்பியது. நான்காவது மருமகள் ஜனனியாக நடித்த மதுமிதா திரும்பவில்லை, பார்வதி வந்தார். 2025 ஜனவரியில் மதுமிதா விஜய் டிவியின் ‘அய்யனார் துணை’யில் நிலாவாகப் போய்ச் சேர்ந்தார். ஜூனில் அவசரமாகக் கட்டிய முடிவை நம்பி அழுது முடித்தவர்கள்தான் பாவம்.

பார்ப்பவருக்கு ஒரே ஒரு பிடி உண்டு, அது சந்தா. ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிப்படி கட்டணச் சேனலைத் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். சன் டிவியின் தனி விலை அப்போது மாதம் 19 ரூபாய், வரி தனி. விளம்பரத்தைப் போலவே சந்தாவும் சன் குழுமத்துக்குப் பெரிய வருமானம்தான். ஆனால் அந்த 19 ரூபாய் சேனலுக்கு, கதைக்கு இல்லை. ஒன்பதரை நாடகத்துக்காக எட்டு மணி நாடகத்தையும் ஞாயிற்றுக்கிழமைப் படத்தையும் யார் வெட்டுவார்கள்? பெரும்பாலான வீடுகளில் தொகுப்பாக வாங்குவதால் வெட்டவும் தோன்றாது. மிஞ்சிப்போனால் மாதப் பணம் வாங்க வாசலுக்கு வரும் கேபிள்காரரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம். அவரிடம் பதில் தயாராக இருக்கும்: “எனக்கென்னங்கக்கா தெரியும்? எங்க ஊட்லயும் இதயேதான் கேக்கறாங்க.”