ஓட்டுநர் இல்லா இரயிலை ஓட்டுவது யார்?

ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரத்தின் செர்டாங் ஜெயா நிலையத்தில் எம்.ஆர்.டி. ஏறுவோர் முன் பெட்டிக்குச் சென்றால் ஓட்டுநரைக் காண முடியாது. எதிரே தண்டவாளம்தான் தெரியும். 2023 மார்ச் 16 முதல் இங்கு ஓடும் இந்த புத்ராஜெயா தடத்து இரயிலின் வேகம், நிறுத்தம், கதவு, முன்செல்லும் இரயிலுடனான இடைவெளி அனைத்தையும் கணினி கவனிக்கிறது. கட்டுப்பாட்டு மையப் பணியாளர்கள் கண்காணிக்கிறார்கள்.

அப்படியானால் மனிதப் பொறுப்பு குறைந்துவிட்டதா? இல்லை. கிளானா ஜெயா எல்.ஆர்.டி.யும் ஓட்டுநரின்றி ஓடுவதுதான். 2021 மே 24-இல் அதன் சுரங்கப் பாதையில், பணியாளர் கையால் இயக்கிவந்த காலி இரயில் ஒன்று, பயணிகளுடன் எதிரே வந்த தானியங்கி இரயிலோடு மோதியது. 200-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

கணினியிடமிருந்து இரயில் மனிதர் கைக்கு மாறும் அந்த வேளையில்தான் பயிற்சியும் விதிமுறையும் உயிர் காக்கின்றன.